அதே ஆள், வேறு மரியாதை

பணக்கார வீட்டுப் பெண்ணும் கையில் காசில்லாத பையனும் காதலித்து, ஆள்மாறாட்டம் செய்து மாட்டிக்கொண்டு, கடைசியில் மாலை மாற்றிக்கொள்ளும் சிரிப்புப் படங்களைப் பற்றி வெகுகாலமாகவே ஒரு தீர்ப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இவை கனவு வியாபாரம். இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தை ஒரு தாலிக்கயிற்றைப் போட்டு மூடிவிட்டதாகப் பாவனை செய்பவை. படம் பார்த்துச் சிரித்தவன் மறுநாள் காலை அதே முதலாளியிடம் அதே கூலிக்குத்தான் போய் நிற்க வேண்டும். இந்தத் தீர்ப்பில் பாதி சரி. கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் முழுவதுமே சரி. ஆனால் கல்யாணம் முடிவாகிற அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் விழுந்து விழுந்து சிரிப்பதில்லை. சிரிப்பெல்லாம் படத்தின் நடுவில் இருக்கிறது. ஒருவரிடம் பணம் இருப்பதாக நினைத்தால் ஒரு மரியாதை, இல்லையென்று தெரிந்தால் வேறு மரியாதை என்று ஒரே ஆள் இரண்டு வரவேற்புகளைப் பெறுகிற காட்சிகள் அங்கேதான் வருகின்றன. பெரிய மனிதர் என்ற மதிப்பு எதனால் செய்யப்பட்டது என்பதை அந்தக் காட்சிகள் பிரித்துக் காட்டுகிற அளவுக்கு, கண்ணீர் வரவழைக்கும் ஏழை–பணக்காரன் படங்கள் காட்டியதில்லை என்பது என் எண்ணம். முடிவை வைத்து இந்த வகைப் படங்களை எடை போடுபவர்கள் தராசில் தவறான பொருளை வைக்கிறார்கள்.

இந்த வகையின் இலக்கணத்தை வகுத்த படம் என்று பிராங்க் காப்ரா இயக்கி 1934-ல் வந்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ படத்தைச் சொல்வார்கள். அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து, உழைக்கும் வயதினரில் ஏறக்குறைய நாலில் ஒருவர் வேலையில்லாமல் இருந்த காலம் அது. கோடீஸ்வரரின் மகள் எல்லி, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அவருடைய சொகுசுப் படகிலிருந்து கடலில் குதித்து நீந்தி, மயாமியிலிருந்து நியூயார்க்குக்குச் சாதாரணப் பயணிகளோடு பஸ் ஏறுகிறாள். கூடவே வருகிறவன் வேலை பறிபோன பத்திரிகை நிருபன் பீட்டர். வழியில் அவளைத் தேடித் துப்பறிவோர் விடுதி அறைக்குள் நுழைகிறார்கள். இருவரும் சட்டென்று கணவன் மனைவியாகி, குழாய் ரிப்பேர்க்காரரின் மகளும் அவளைக் கட்டிக்கொண்டு அவதிப்படும் புருஷனுமாகக் கத்திச் சண்டை போடுகிறார்கள். வந்தவர்கள் தர்மசங்கடப்பட்டு வெளியேறுகிறார்கள். நாடே தேடிக்கொண்டிருக்கும் சீமாட்டி கண்ணெதிரே நிற்கிறாள். கலைந்த தலையும் உரத்த குரலும் இருந்தால் அவள் சீமாட்டியாகத் தெரிவதில்லை. முடிவுக்குச் சற்று முன்னே இன்னொரு காட்சி. மகளைக் கண்டுபிடித்துத் தந்தால் 10,000 டாலர் என்று அப்பா அறிவித்திருக்கிறார். பீட்டர் அவரிடம் வந்து கேட்பது, வழியில் தன் கைக்காசு போனதற்கான 39 டாலர் 60 சென்ட் மட்டும். பரிசுப் பணம் வேண்டாம் என்கிறான். மகள் ஏற்கெனவே அவசரப்பட்டுக் கட்டிக்கொண்ட உயர்குடி மாப்பிள்ளையோ திருமணத்தை ரத்து செய்ய ஒரு லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறான். சிறந்த படம் உட்பட ஐந்து முக்கிய ஆஸ்கர் விருதுகளையும் வாங்கிய இந்தக் கதை கடல் தாண்டிச் சென்னைக்கும் வந்தது. ஏவி.எம். நிறுவனத்தின் இந்திப் படமான ‘சோரி சோரி’ (1956) இதன் தழுவல். எம்.ஜி.ஆர். நிருபராகவும் ஜெயலலிதா வீட்டை விட்டு ஓடிவந்த செல்வப் பெண்ணாகவும் நடித்த ‘சந்திரோதயம்’ (1966) படத்திலும் இதன் சாயல் உண்டு.

அந்த 39 டாலர் கணக்கில் ஒரு தந்திரம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. பணத்தைக் கேட்காதவனுக்குத்தான் பணம் சேரும் என்பது இந்தப் படங்களின் எழுதாத சட்டம். ஏழை தன் ஆசையின்மையை நிரூபிக்க வேண்டும். பணக்காரருக்கு அப்படியொரு பரீட்சை கிடையாது, அவர் மனம் விட்டுச் சிரித்தால் போதும். முடிவைப் பழிப்பவர்கள் இங்கேதான் பலமாக நிற்கிறார்கள். ஆனால் ஒரு காதல் படம் பஸ் டிக்கெட், பெட்ரோல், விற்ற தொப்பி என்று காசு கணக்கைத் திரையில் வரிசையாகச் சொல்வதே பெரிய விஷயம். ஏழையின் துயரத்தைப் பாடுகிற சோகப் படங்களில் ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கு அநேகமாக இருக்காது. நகைச்சுவைக்குத் துல்லியம் வேண்டும். தொகை சரியாக இருந்தால்தான் சிரிப்பு வரும்.

இதைவிடக் கூர்மையான படம், தமிழ் வாசகர்கள் அவ்வளவாக அறியாத ‘ஈஸி லிவிங்’ (1937). பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் திரைக்கதை எழுத, மிட்செல் லைசன் இயக்கியது. நியூயார்க் வங்கி முதலாளி ஒருவர் மனைவியின் ஊதாரித்தனத்தில் கோபம் கொண்டு 58,000 டாலர் விலையுள்ள மென்மயிர்க் கோட்டை மாடியிலிருந்து வீசி எறிகிறார். அது கீழே போகிற பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கும் மேரி ஸ்மித் என்ற குமாஸ்தாப் பெண்ணின் தலையில் விழுகிறது. அதற்குப் பிறகு மேரி எதுவுமே செய்வதில்லை, செய்வதெல்லாம் ஊர்தான். அவள் வேலை பார்க்கும் சிறுவர் பத்திரிகை, இவ்வளவு விலையுள்ள கோட்டு இவளுக்கு எப்படி வந்தது என்று ஒழுக்கத்தைச் சந்தேகித்து அவளை வேலையை விட்டு அனுப்புகிறது. வங்கிக்குக் கடன்பட்டிருக்கும் ஓட்டல்காரரோ அவள் அந்த முதலாளியின் ஆசைநாயகி என்று நினைத்துக்கொண்டு, அரண்மனை போன்ற அறைத்தொகுதியை அவளுக்குத் திறந்துவிடுகிறார். நகைக்காரரும் கார்க்காரரும் வாசலில் வரிசை கட்டுகிறார்கள். அவள் விளையாட்டாகச் சொன்ன ஒரு பேச்சால் உருக்குப் பங்குகளின் விலையே ஆட்டம் காண்கிறது. ஒரு கோட்டு ஒரே நாளில் அவளுக்கு வேலை நீக்கத்தையும் வாங்கித் தருகிறது, ராஜ உபசாரத்தையும் வாங்கித் தருகிறது. கோட்டுக்குள் இருக்கும் மேரி மட்டும் மாறவே இல்லை. பெர்னார்ட் ஷா தன் ‘பிக்மேலியன்’ நாடகத்தில் எலைசா வாயிலாக முன்பே சொன்ன விஷயம் இது: பூ விற்கிறவளுக்கும் சீமாட்டிக்கும் உள்ள வித்தியாசம் அவள் நடந்துகொள்கிற விதத்தில் இல்லை, அவளை மற்றவர்கள் நடத்துகிற விதத்தில் இருக்கிறது. 1913-ல் முதலில் மேடையேறிய அந்த நாடகத்துக்குப் பின்னுரை எழுதி, எலைசா தன் ஆசானைக் கட்டிக்கொள்ளவில்லை என்று ஷா அடம் பிடித்தார். மேடையும் சினிமாவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஜோடி சேர்க்கவே பார்த்தன. நடுப்பகுதியின் அறிவும் முடிவின் ஆசையும் ஒன்றோடொன்று இழுபறி செய்வது இந்த வகையின் பிறவிக்குணம் போலிருக்கிறது.

நம் ஊரில் இதற்கு நிகரான உதாரணம் தேட வேண்டியதில்லை. ஸ்ரீதர் இயக்கி 1964 பிப்ரவரியில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை நாகேஷ் டி.எஸ்.பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சிக்காகவே பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான். ஆனால் அந்தப் படத்தின் எலும்புக்கூடு மரியாதையைப் பற்றியது. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், தன் எஸ்டேட்டில் வேலை பார்த்த அசோக்கை மகள்கள் சொன்ன புகாரைக் கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அசோக் பங்களாவுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு, வேலையைத் திருப்பிக் கேட்டு ஆட்டமும் பாட்டமுமாகப் போராடுகிறான். தொழிற்சங்கப் போராட்டத்தைக் காதல் பாட்டாக மாற்றிய துணிச்சல் அது. இந்தக் கட்டம் வரை முதலாளியின் கண்ணில் அவன் ஒரு தொல்லை. பிறகு அவன் சிதம்பரம் என்ற கோடீஸ்வரரின் வாரிசு என்று ஒரு பொய் கிளப்பப்படுகிறது. நண்பன் வாசு கிழவர் வேடம் போட்டுச் சிதம்பரமாக வந்து இறங்குகிறான். அதற்குப் பின் விஸ்வநாதனாக வரும் பாலையா செய்வதைப் பார்க்க வேண்டும். அதட்டிய குரல் குழைகிறது. முதுகு தானாக வளைகிறது. நேற்று வாசலில் கூச்சல் போட்ட தொல்லை இன்று மாப்பிள்ளை. முகம் அதே முகம், அசோக்காக நடித்த ரவிச்சந்திரனின் துள்ளலும் அதே துள்ளல். விஸ்வநாதன் கொடுமைக்காரர் இல்லை, மக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தன்னைவிடப் பெரிய பணத்தின் முன்னால் தனக்குக் கீழ்ப்பட்டவர்கள் தன்னிடம் எப்படி நிற்பார்களோ அப்படியே நிற்கிறார். முதலாளித்தனம் என்பது மேலே பார்க்கும்போது ஒரு உடம்பு, கீழே பார்க்கும்போது ஒரு உடம்பு என்பதைப் பாலையா தன் கழுத்தையும் தோளையும் வைத்தே காட்டிவிடுகிறார். விளக்கவுரை கிடையாது. வில்லனும் கிடையாது, அந்தக் காலத் தமிழ்ப் படத்தில் அதுவே அபூர்வம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கிழவராக நடித்த வாசு உண்மையிலேயே பணக்கார வீட்டுப் பிள்ளை. விஸ்வநாதனின் செல்வந்த நண்பரின் மகன். அதாவது, போலிக் கோடீஸ்வரனுக்குப் பின்னால் நிஜக் கோடீஸ்வரன் ஒருவனைப் பத்திரமாக ஒளித்து வைத்துவிட்டுத்தான் படம் சிரிக்கிறது. இது ஸ்ரீதரின் குறை மட்டும் இல்லை. 1936-ல் வந்த ‘மை மேன் காட்ஃப்ரே’ படத்தில், நியூயார்க் நதிக்கரைக் குப்பைமேட்டில் வாழும் காட்ஃப்ரேயை ஒரு பணக்காரக் கூட்டம் விளையாட்டுப் போட்டிக்குத் தேவையான பொருளைப் போலத் தூக்கி வருகிறது. அவர்களில் ஒருவர் வீட்டிலேயே அவன் வேலைக்காரனாகிறான், அந்த வீட்டு மகள் அவன்மேல் காதல் கொள்கிறாள். பிறகு பார்த்தால் அவன் பாஸ்டன் நகரத்துப் பெரிய குடும்பத்துப் பிள்ளை! ‘சப்ரினா’வில் காதலிக்கிறவள் கார் டிரைவரின் மகள். பில்லி வைல்டர் 1954-ல் எடுத்த படத்தில் டிரைவர் டிரைவராகவே இருக்கிறார். அது எந்த நாடகத்திலிருந்து வந்ததோ அதிலும், 1995-ல் மறுபடி எடுத்த படத்திலும் அவர் பங்குச்சந்தையில் ரகசியமாகப் பணம் சேர்த்தவர் என்று தெரியவருகிறது. ஏ.சி.திருலோகசந்தர் இயக்கிய ‘அன்பே வா’வில் (1966) எம்.ஜி.ஆர். தொழிலதிபர். தன்னுடைய சிம்லா பங்களாவையே வாடகைக்கு விட்டிருக்கும் வேலைக்காரனிடம் யாரென்று சொல்லாமல் குடியிருக்கிறார். பணக்காரன் ஏழையாக நடிப்பது பாதுகாப்பான நகைச்சுவை. வேடம் கலைந்தால் அவனுக்கு இழப்பு எதுவும் இல்லை, லாபம்தான். ஏழை பணக்காரனாக நடித்தால் வேடம் கலையும் இடத்தில் போலீஸ் நிற்கும். ஆகவே எல்லாப் படத்துக்கும் ஒரே மதிப்பெண் போடக் கூடாது. வேடம் கலைந்தால் யாருக்கு நஷ்டம் என்பதுதான் உரைகல். அந்தக் கணக்கில் ‘அன்பே வா’ ஒரு அழகான விடுமுறை. ‘காதலிக்க நேரமில்லை’ வாசுவின் விஷயத்தில் பயந்து, அசோக்கின் விஷயத்தில் துணிந்த படம். சப்ரினாவின் அப்பாவுக்கும் இங்கே ஒரு நல்ல இடம் தர வேண்டும். காரின் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே கண்ணாடி இருப்பதே நல்லது என்று நினைக்கிறவர் அவர். மகளிடம் அவர் சொல்வதன் சாரம்: பணக்காரன் ஏழையைக் கட்டினால் ஊர் அவனுடைய சமத்துவ உணர்வைப் புகழும், பணக்காரனைக் கட்டிய ஏழையை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. ஒரு காதல் படம் தன்னைப் பற்றியே இப்படி ஒரு சாட்சி சொல்லுமானால், அதை வெறும் மயக்க மருந்து என்று தள்ள மனம் வரவில்லை.

ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து இந்த விளையாட்டின் விதிகள் மாறுவதுதான் எனக்கு உண்மையில் உறுத்துகிற இடம். ஏழைப் பெண் மேலே போக வேண்டுமென்றால் உடை மாற்ற வேண்டும். ‘பிரெட்டி உமன்’ (1990) படத்தில் பாலியல் தொழில் செய்யும் விவியனைப் பணக்காரக் கடைவீதியின் விற்பனைப் பெண்கள் கடையை விட்டு விரட்டுகிறார்கள். மறுநாள் அவள் நல்ல உடையில், கை நிறையப் பைகளோடு அதே கடைக்குப் போய், உங்களுக்குக் கமிஷன் உண்டல்லவா, பெரிய தவறு செய்துவிட்டீர்கள் என்கிற பொருளில் பேசிவிட்டு வருகிறாள். கைதட்டல் பெறும் காட்சி. இரண்டு வரவேற்புகள் என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது. ஆனால் பழி தீர்ந்தது யார்மீது? கமிஷனை நம்பிப் பிழைக்கும் இன்னொரு உழைக்கும் பெண்மீது. ஒரு வார ஒப்பந்தத் தொகையான ‘3,000’ என்பதையே தலைப்பாக வைத்த முதல் திரைக்கதை கசப்பாக முடிந்தது; படம் இனிப்பாக்கிவிட்டது. ஏழை ஆணுக்கோ உடை மாற்றம் தேவையில்லை, எதிரே இருக்கிறவளை மாற்றினால் போதும். ‘மன்னன்’ (1992) போன்ற படங்களில் தொழிலாளி நாயகன், முதலாளிப் பெண்ணைக் கட்டி அடக்குகிறான். அவள் ஆலையை விட்டு அடுப்படிக்கு வருவதே வெற்றி. முதலாளிமீது வரவேண்டிய கோபம் ஒரு பெண்மீது திருப்பிவிடப்படுகிறது. ஆலை அப்படியே இருக்கிறது, கூலி அப்படியே இருக்கிறது, திமிர் மட்டும் பெண்ணுடையது என்று தீர்மானமாகிறது. ஹாலிவுட்டும் இதில் யோக்கியம் இல்லை. எல்லியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடக்கும் பீட்டர் அவளுக்கு ஓர் அடியும் வைக்கிறான். இந்த மாதிரியான படங்களைக் காப்பாற்ற நான் வாதாடப் போவதில்லை. இரண்டு மரியாதைகளைக் காட்டிச் சிரிக்க வைத்த நகைச்சுவை, ஒரு பெண்ணுக்கு மரியாதை கற்பிக்கக் கிளம்பும்போது தன் கருவியைத் தொலைத்துவிடுகிறது.

இனி, இருப்பதிலேயே கனமான மறுப்பு. நம் நாட்டில் காதலின் குறுக்கே நிற்பது பணமா, சாதியா? பணம் என்று சொல்லிச் சிரிக்க வைப்பதே சாதியை மறைக்கத்தான் என்று ஒருவர் சொன்னால் எளிதில் பதில் சொல்ல முடியாது. விஸ்வநாதன் மாப்பிள்ளையின் சொத்தை மட்டும் விசாரிக்கிறார். நிஜத்தில் எந்த எஸ்டேட் முதலாளியும் அந்த ஒரு கேள்வியோடு நிறுத்தியிருக்க மாட்டார். சொத்தைக் கடன் வாங்கிய கோட்டைப் போல அணியலாம், கழற்றலாம். பணக்காரர் என்று ஒரு மணி நேரம் பிறரை நம்பவைக்கலாம். பிறப்பை வைத்துப் போடும் தடையில் அந்த நெகிழ்ச்சி கிடையாது; அங்கே வேடம் கலைந்தால் மன்னிப்பும் கிடையாது. பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) இதற்குச் சாட்சி. மதுரையில் வசதியான வீட்டுப் பள்ளி மாணவியும் வண்டி மெக்கானிக் முருகனும் காதலிக்கும் முதல் பகுதி கிட்டத்தட்ட ஒரு நகைச்சுவைப் படம்தான். சென்னை மேன்ஷனில் அவர்களுக்கு உதவும் இளைஞர்களின் கலாட்டாவும் அப்படியே. பெண் வீட்டார் வந்து சேர்ந்ததும் சிரிப்பு ஓர் அடியில் நின்றுபோகிறது. முருகன் அடிபட்டு மனம் பேதலித்தவனாகத் தெருவில் அலைகிறான். அந்த வீட்டின் கோபத்தில் பணத்தைவிடச் சாதிக்கு எடை அதிகம் என்பதை முன்பாதியைச் சிரித்துப் பார்த்தவர்தான் நன்றாக உணர முடியும். போங் ஜூன்-ஹோவின் கொரியப் படமான ‘பாரசைட்’ (2019) இதே உண்மையை வேறொரு பக்கமிருந்து தொடுகிறது. ஓர் ஏழைக் குடும்பமே டியூஷன் வாத்தியார், ஓவிய ஆசிரியை, டிரைவர், வீட்டு நிர்வாகி என்று வேடம் போட்டு ஒரு பங்களாவுக்குள் நுழைகிறது. முதல் ஒரு மணி நேரம் ‘காதலிக்க நேரமில்லை’யின் சித்தப்பா பிள்ளை போலவே இருக்கும். சான்றிதழ் போலி, பேச்சு போலி, பழக்கவழக்கம் போலி, எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பாதாள அறை வீட்டின் வாடை மட்டும் உடம்பிலிருந்து போக மறுக்கிறது. முதலாளி மூக்கைப் பொத்துகிற இடத்தில் நகைச்சுவை முடிந்து கத்தி வெளியே வருகிறது.

இந்த மறுப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்தை அது முறிக்கவில்லை, அதற்கு எல்லை போடுகிறது. கழற்றக்கூடிய வித்தியாசத்தை வைத்துத்தான் நகைச்சுவை செய்ய முடியும். எந்தச் சமூகம் எந்த வித்தியாசத்தைக் கழற்றக்கூடியது என்று நம்புகிறது என்பது அதன் சிரிப்புப் படங்களில் பதிவாகிறது. 1960-களின் தமிழ்ப் படம், பணத்தை அப்படி நம்பியது. சாதியைப் பெயரில்கூடச் சொல்லாமல் தாண்டிப் போனது. அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் படத்தைப் படிக்க வேண்டும்.

கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் நடந்த இன்னொரு மாற்றத்தை இவ்வளவு பேர் கவனிக்காமல் விட்டது ஏன் என்று புரியவில்லை. இந்த வகைப் படங்களிலிருந்து ஏழையே காணாமல் போய்விட்டார். ‘நாட்டிங் ஹில்’லில் (1999) நடிகையைக் காதலிக்கும் சாமானியன், லண்டனில் சொந்தமாகப் புத்தகக் கடை வைத்திருக்கிறான். ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ (2018) படத்தில் சிங்கப்பூர்க் கோடீஸ்வரக் குடும்பம் தகுதியற்றவள் என்று ஒதுக்குகிற பெண், நியூயார்க்கில் பொருளாதாரப் பேராசிரியை. பேராசிரியை ஏழை வேடம் கட்ட வேண்டிய அளவுக்கு மேல்தளம் உயரமாகிவிட்டது. குழாய் ரிப்பேர்க்காரரின் மகளுக்கு அங்கே வாசல்கூடத் தெரியாது. ஆள்மாறாட்டமும் கஷ்டமாகிவிட்டது. இன்றைய விஸ்வநாதன், சிதம்பரம் என்ற பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்த்தால் அப்படியொரு கோடீஸ்வரர் இல்லையென்பது நொடியில் தெரிந்துவிடும். படம் இடைவேளையைத் தாண்டாது. மறுபக்கம், மாதத் தவணையில் காரும் ஐபோனும் வாங்கி, சம்பளத்தில் பாதியை வங்கிக்குக் கட்டிக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் ஒருவரை ஒருவர் பணக்காரர் என்று நினைத்துக் கும்பிடு போடும் இரண்டு சம்பந்தி வீட்டார் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அசோக் ஒருவன் போட்ட வேடத்தை இரண்டு வீடும் முழுக் குடும்பமாகப் போட்டிருக்கிறது. இந்தக் கதையை எழுத, ‘காதலிக்க நேரமில்லை’யின் எழுத்தில் பங்கு கொண்ட சித்ராலயா கோபு போல ஒருவர் வேண்டும். இரண்டு சம்பந்திகளாகவும் நடிக்க இரண்டு பாலையா வேண்டும்.